எஞ்சின் மாற்றியதிலிருந்து வியோஸ் படுத்துகிறது: சூட்டில் ஸ்டார்ட் ஆகவில்லை, விளக்கு மங்குகிறது, செக் எஞ்சின் எரிகிறது

பழையவியோஸ்

வணக்கம் எல்லாருக்கும். வண்டி 2009 டொயோட்டா வியோஸ், 1.5, ஆட்டோ கியர். 2019-இல் சிங்கப்பூரின் வாகன உரிமைச் சான்றிதழான சிஓஇ-யைப் பத்து வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டேன், அதனால் 2029 வரை இதோடுதான் காலம் தள்ள வேண்டும், ஸ்கிராப் பண்ணு என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். பழைய எஞ்சினில் பேரிங் சத்தம் வந்து, திறந்து பார்த்து, கிராங்க் வரைக்கும் போய்விட்டது என்றார்கள். ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப் கட்டில் (பாதியாக வெட்டிய பழைய வண்டியில்) எடுத்த அதே 1என்இசட்-எஃப்இ எஞ்சினைப் போட்டார்கள். இன்டேக் மேனிஃபோல்டு, த்ராட்டில் பாடி, வயரிங், எஞ்சின் கம்ப்யூட்டரான இசியு எல்லாம் என் பழைய வண்டியுடையதுதான். ஆல்டர்னேட்டரும் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) ஸ்டார்ட்டரும் புது எஞ்சினோடு வந்தவை.

இப்போது உள்ள தொல்லை: காலையில் ஒரு மாதிரி ஸ்டார்ட் ஆகிவிடும். ஓட்டிவிட்டுக் கடைக்குப் போய்த் திரும்பி வந்தால் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, பேட்டரி செத்த மாதிரி. பேட்டரி புதியது. ராத்திரி ஹெட்லைட்டும் ஏர்கானும் போட்டால் டாஷ்போர்டு வெளிச்சம் மங்குகிறது, பேட்டரி விளக்கு லேசாக, இருட்டில் மட்டும் தெரிகிற மாதிரி மினுங்குகிறது. சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் ஏறி இறங்கி சில நேரம் அணைந்தே போகிறது. செக் எஞ்சினும் எரிகிறது, ப்ளூடூத் ஸ்கேனரில் பி0171 என்ற பிழைக் குறியீடு காட்டுகிறது.

ஒர்க்‌ஷாப்பில் முதலில் பேட்டரி மாற்றினார்கள், இப்போது ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்கிறார்கள், அதற்கு அடுத்து ஆக்சிஜன் சென்சாராம். எஞ்சினோடு வந்த ஆல்டர்னேட்டர் கெட்டதென்றால் அதற்கும் நான்தான் காசு கொடுக்க வேண்டுமா? யாராவது இதைப் பார்த்திருக்கிறீர்களா?

ஜோகூர்_வாரக்கடைசி

எல்லை தாண்டி ஜேபிக்கு, ஜோகூர் பாருவுக்குக் கொண்டு போங்கள் ப்ரோ. அங்கே வயரிங் ஆள் பாதி விலைக்குப் பார்த்துக் கொடுப்பார்.

பழையவியோஸ்

சூட்டில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை எடுத்துக்கொண்டு முக்கால் டேங்க் பெட்ரோலோடு எல்லையைக் கடக்கும் காஸ்வே நெரிசலில் நிற்கச் சொல்கிறீர்களா? நடுவில் அணைந்தால் பின்னால் இருப்பவர்கள் என்னை உயிரோடு விடமாட்டார்கள்.

ஈகே_காதலன்

எனக்கு 99 சிவிக்கில் எஞ்சின் மாற்றியபோது இதே கூத்து. எர்த் பாருங்கள், அதாவது எஞ்சினையும் பாடியையும் பேட்டரி நெகட்டிவோடு சேர்க்கும் இணைப்பு. ஹோண்டாவில் தெர்மோஸ்டாட் ஹவுசிங் மேலே எஞ்சின் வயரிங்கின் எர்த் ஒன்று ஒரே போல்ட்டில் மாட்டியிருக்கும், எஞ்சினை இறக்கும்போது கழற்றுவார்கள், ஏற்றும்போது மறந்துவிடுவார்கள், இல்லையென்றால் அழுக்கோடு அப்படியே வைத்து முறுக்கிவிடுவார்கள். அது ஒன்று சரியில்லை என்றால் சென்சார் எல்லாமே பொய் சொல்லும். டொயோட்டாவில் எங்கே இருக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராத்திரி_ட்ரைவர்

கிரவுண்டிங் வயர் கிட் ஒன்று வாங்கிப் போடுங்கள், நீலமும் சிவப்புமாக அழகாக இருக்கும். எனக்குப் பிக்கப்பே கூடிவிட்டது.

காக்கிபுக்கிட்_வயர்மேன்

ராத்திரி தம்பி, பிக்கப் கூடியது உங்கள் மனதில். எர்த் சரியாக உள்ள வண்டிக்கு இன்னும் நான்கு வயர் போட்டால் ஒன்றும் கூடாது. எர்த் கெட்ட வண்டிக்கு எங்கே கெட்டிருக்கிறது என்று பார்க்காமல் வயர் போட்டால் கெட்ட இடம் அப்படியே இருக்கும்.

வியோஸ்காரரே, ஆல்டர்னேட்டருக்குக் காசு கொடுக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால் இரண்டு தனித்தனி நோய் இருக்கிற மாதிரி தெரிகிறது. ஸ்டார்ட்டர் இழுப்பது, விளக்கு மங்குவது, பேட்டரி விளக்கு மினுங்குவது இவை ஒரு கூட்டம். ஆர்பிஎம் ஏறி இறங்குவதும் பி0171-உம் இன்னொரு கூட்டம். ஒர்க்‌ஷாப்பில் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்க்கிறார்கள். முதல் கூட்டத்தை முடித்துவிட்டு இரண்டாவதுக்கு வரலாம், வோல்டேஜ் நிலையில்லாத வண்டியில் சென்சார் ரீடிங் பார்ப்பதே வீண்.

மல்ட்டிமீட்டர் இருக்கிறதா? இல்லையென்றால் சிம் லிம் டவரில் சாதாரணமானது ஒன்று வாங்குங்கள், விலையுயர்ந்தது வேண்டாம். டிசி வோல்ட்டில் வைத்து இதைச் செய்யுங்கள்.

கறுப்புக் கம்பியைப் பேட்டரியின் நெகட்டிவ் முனைமேல் வையுங்கள். கேபிளின் கவ்விமேல் இல்லை, பேட்டரியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஈயத்தின் மேலேயே. சிவப்பை எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில் வையுங்கள், எஞ்சினைத் தூக்கும் கொக்கி இருக்கும், அதைச் சுரண்டிவிட்டு வைக்கலாம். இன்னொருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். சுற்றும்போது என்ன வோல்ட் காட்டுகிறது? 0.2, 0.3-க்குள் இருந்தால் சரி. அப்புறம் சிவப்பைப் பாடியில் வைத்து அதே மாதிரி ஒரு முறை. அப்புறம் பேட்டரி இரண்டு முனையிலும் வைத்து ஒரு முறை. மூன்று எண்ணையும் இங்கே போடுங்கள்.

எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட், ஏர்கான், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அதே இடங்களில் இன்னொரு முறை. ரேடியேட்டர் ஃபேன் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது சொல்லாமல் சுற்றும்.

பழையவியோஸ்

மிக்க நன்றி அண்ணே. ஒன்று கேட்கிறேன், எர்த்தை ஒர்க்‌ஷாப்பில் என் கண்முன்னே மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கு பீப் சத்தம் வந்தது. அப்படியென்றால் எர்த் நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்?

காக்கிபுக்கிட்_வயர்மேன்

இல்லை. அந்த பீப்தான் ஊரையே ஏமாற்றுகிறது. செல்வி வந்து சொல்லட்டும், அவள்தான் இதைப் பாடமாக நடத்துகிறவள்.

ஊபி_செல்வி

கூப்பிட்டீர்களா அண்ணே, வந்துவிட்டேன்.

பீப் வைத்துப் பார்க்கும்போது மீட்டர் அனுப்புவது மில்லி ஆம்பியர் கணக்கில் மிகச் சிறிய மின்னோட்டம். ஒரு நூலிழை செம்பு தொட்டுக்கொண்டிருந்தாலும் அது போய்விடும், பீப் வந்துவிடும். ஆனால் ஸ்டார்ட்டர் சுற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எர்த் இணைப்பில் 0.01 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள், சாதாரண மீட்டரால் அதை அளக்கவே முடியாது, சுழியம் என்றுதான் காட்டும். ஆனால் 100 ஆம்பியர் போகும்போது அதே 0.01 ஓம் 1 வோல்ட்டைத் தின்றுவிடும். 0.02 ஓம் என்றால் 2 வோல்ட். அதனால்தான் அண்ணன் சுற்றும்போது அளக்கச் சொல்கிறார். சுமை இல்லாமல் அளந்த எர்த் அளக்காத எர்த்.

இன்னொன்று, பேட்டரி விளக்கு மங்கலாக மினுங்குவதைப் பற்றி. அந்த விளக்குக்கு ஒரு பக்கம் பேட்டரி வோல்டேஜ், இன்னொரு பக்கம் ஆல்டர்னேட்டரின் எல் முனை. இரண்டும் ஒன்றாக இருந்தால் விளக்கு அணைந்திருக்கும். வித்தியாசம் வந்தால் அந்த வித்தியாச அளவுக்கு மினுங்கும். முழுசாக எரிந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை என்று சந்தேகப்படலாம். லேசாக மினுங்கினால் ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்கிறது, ஆனால் அது செய்வதும் வண்டிக்கு வந்து சேர்வதும் ஒன்றில்லை என்று முதலில் நினைக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் டயோடு கெட்டாலும் இப்படி வரும், அதை மறுக்கவில்லை, ஆனால் அதற்கு முன்னால் கேபிள்.

ஈகே_காதலன்

அக்கா, அப்படியென்றால் ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் கொக்கியிலும் மாட்டிவிட்டு ஸ்டார்ட் பண்ணினாலே தெரிந்துவிடாதா? நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

ஊபி_செல்வி

தெரியும், நல்ல வழி. மீட்டரே தேவையில்லை. கேபிள் போட்டதும் ஸ்டார்ட்டர் கம்பீரமாகச் சுற்றினால் எர்த்தான் வில்லன். கறுப்புக் கவ்வியை மட்டும் பயன்படுத்துங்கள், சிவப்புக் கவ்வி இரண்டும் எங்கேயும் தொடாமல் தனியாக இருக்க வேண்டும்.

மோட்டார்_மாமா_யீஷூன்

நான் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். எஞ்சின் எண் மாறியிருக்குமே, போக்குவரத்து ஆணையமான எல்டிஏ பதிவில் மாற்றியாகிவிட்டதா? பதிவில் உள்ள எண்ணும் எஞ்சினில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்குப் பத்து வயதைத் தாண்டிவிட்டதால் ஒவ்வொரு வருடமும் சோதனைக்குப் போக வேண்டும், அங்கே போய் முழிக்காதீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு வார்த்தை.

பழையவியோஸ்

அது முடிந்துவிட்டது மாமா, பேப்பர் கையில் இருக்கிறது. பேப்பர் வேலையில் மட்டும் ஒர்க்‌ஷாப் கெட்டிக்காரர்கள்.

ராத்திரி_ட்ரைவர்

இசியு-வையும் ஹாஃப் கட்டில் வந்ததையே போட்டிருக்கலாம் என்று என் நண்பன் சொல்கிறான். எஞ்சினும் இசியு-வும் ஜோடியாக இருக்க வேண்டுமாம்.

காக்கிபுக்கிட்_வயர்மேன்

இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) உள்ள வண்டியில் வேறு இசியு-வை மாட்டினால் சாவியை அது தெரியாது என்றுவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. அதற்கப்புறம் சாவியைப் பதிவு செய்ய ஆள் தேட வேண்டும். இவர் வண்டியில் த்ராட்டிலும் மேனிஃபோல்டும் வயரிங்கும் பழையவை, இசியு-வும் பழையதாக இருப்பதுதான் ஒழுங்கு. ஒரே எஞ்சின் குறியீடு என்றாலும் ஜப்பானில் அந்த 1என்இசட் ப்ரோபாக்ஸில் வந்திருக்கும், இஸ்டில் வந்திருக்கும், ஃபீல்டரில் வந்திருக்கும். சென்சார் ப்ளக், த்ராட்டில் என்று அங்கங்கே வித்தியாசம் இருக்கலாம். டொயோட்டாவில் நாக் சென்சாரிலேயே இரண்டு வகை உண்டு, ஒற்றைக் கம்பி வைத்தது ஒன்று, இரட்டைக் கம்பி வைத்தது ஒன்று. நல்ல மெக்கானிக் பழைய எஞ்சினைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, வேறுபட்டதைப் பழையதிலிருந்து எடுத்து மாட்டுவார். பழைய எஞ்சினை அன்றைக்கே இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டார்களா என்று கேளுங்கள்.

பழையவியோஸ்

அனுப்பிவிட்டார்கள்.

சரி, மீட்டர் வாங்கிவிட்டேன். தம்பியைச் சீட்டில் உட்கார வைத்து அளந்தேன், வண்டி சூடாக இருக்கும்போது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது:

பேட்டரி இரண்டு முனையில் 10.4 வோல்ட்.
நெகட்டிவ் முனையிலிருந்து பாடிக்கு 0.05.
நெகட்டிவ் முனையிலிருந்து எஞ்சினுக்கு 1.9!

எஞ்சின் ஓடும்போது எல்லாவற்றையும் போட்டுவிட்டு: பேட்டரியில் 13.3. பாடிக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. எஞ்சினுக்கு மைனஸ் 0.8. ஏன் மைனஸ் காட்டுகிறது? கம்பியை மாற்றி வைத்துவிட்டேனா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன், மாற்றவில்லை.

அதிகம் அளக்க முடியவில்லை. கார்பார்க்கில் எஞ்சினை ஓடவிட்டு நிற்கிறோம் என்று ஒருவர் தூரத்திலிருந்து போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்.

மோட்டார்_மாமா_யீஷூன்

நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம்தான், அவர் சுற்றுப்புற வாரியமான என்இஏ-வுக்கு அனுப்பினாலும் அனுப்புவார். அடுத்த முறை ஒர்க்‌ஷாப் வாசலில் வைத்துச் செய்யுங்கள்.

காக்கிபுக்கிட்_வயர்மேன்

1.9! அவ்வளவுதான், கிடைத்துவிட்டது. ஜம்பர் கேபிள் போட்டுப் பார்த்தீர்களா? போடாவிட்டாலும் பரவாயில்லை.

மைனஸ் சரியாகத்தான் இருக்கிறது, நீங்கள் ஒன்றையும் மாற்றி வைக்கவில்லை. செல்வி, இதை நீயே சொல். நான் சொன்னால் தம்பிக்குத் தூக்கம் வந்துவிடும்.

ஊபி_செல்வி

ஸ்டார்ட்டர் சுற்றும்போது மின்சாரம் எஞ்சினிலிருந்து பேட்டரி நெகட்டிவை நோக்கித் திரும்புகிறது. வழியில் தடை இருப்பதால் எஞ்சின் பிளாக் 1.9 வோல்ட் உயரத்தில் நிற்கிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர்தான் மின்சாரம் தருகிறது, ஹெட்லைட், ப்ளோயர், ஃபேன் வழியாகப் போன மின்சாரம் பாடியிலிருந்து எஞ்சினுக்கு, ஆல்டர்னேட்டரின் உடலுக்குத் திரும்ப வேண்டும். திசை மாறிவிட்டது, அதனால் குறி மாறிவிட்டது. அதே கெட்ட இணைப்பு, இரண்டு திசையிலும் தின்கிறது.

இப்போது உங்கள் 13.3-ஐப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் தன் உடலுக்கும் தன் வெளியீட்டுக்கும் இடையில்தான் வோல்டேஜை ஒழுங்கு செய்கிறது. அது 14.1, 14.2 கொடுத்துக்கொண்டிருக்கிறது, அதில் 0.8 எர்த்திலேயே போய்விடுகிறது, மிச்சம் 13.3 தான் பேட்டரிக்கு வருகிறது. ஹெட்லைட் மங்கியதும், புதுப் பேட்டரி அரைகுறையாகவே சார்ஜ் ஆனதும் இதனால்தான். ஒர்க்‌ஷாப்பில் பேட்டரியில் மட்டும் வைத்து அளந்து 13.3 என்று பார்த்துவிட்டு ஆல்டர்னேட்டர் வீக் என்று சொல்லியிருப்பார்கள். ஆல்டர்னேட்டரின் பெரிய போல்ட்டிலும் அதன் உடலிலும் வைத்து அளந்திருந்தால் அந்த வார்த்தை வந்திருக்காது.

ஸ்டார்ட் பண்ணும்போது உங்கள் ப்ளூடூத் ஸ்கேனர் தொடர்பு அறுந்துபோகிறதா?

பழையவியோஸ்

ஆமாம் அக்கா! சீன ஸ்கேனர், மலிவு, அதனால் அப்படி என்று விட்டுவிட்டேன். உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

ஊபி_செல்வி

டொயோட்டாவில் பெரும்பாலும் இசியு-வின் எர்த் எஞ்சினில்தான் மாட்டியிருக்கும். பேட்டரியில் 10.4, எஞ்சின் 1.9 உயரத்தில். இசியு-வுக்குக் கிடைப்பது 8.5. ஸ்கேனரோ அதை மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 4-ஆம் பின்னில் பாடி எர்த்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பேரும் வேறு வேறு தரையில் நின்றுகொண்டு பேசினால் எப்படிக் கேட்கும். ஸ்டார்ட்டருக்கும் அதே 8.5 தான், அதனால்தான் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது.

காக்கிபுக்கிட்_வயர்மேன்

தம்பி, ஒரு முக்கியமான விஷயம். எர்த் ஸ்ட்ராப் வேலை செய்யாவிட்டால் மின்சாரம் சும்மா இருக்காது, வேறு வழி தேடும். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் இரும்பு வேறு என்ன இருக்கிறது? கியர் கேபிள். எஞ்சின் மவுண்ட் எல்லாம் ரப்பர். கியர் கேபிளின் உறையைத் தொட்டுப் பாருங்கள், எங்கேயாவது உருகியிருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா? எரிந்து புகை வந்த வண்டி பார்த்திருக்கிறேன். அதனால் எர்த் சரியாகும் வரை தேவையில்லாமல் ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.

கியர் பாக்ஸுக்கோ எஞ்சினுக்கோ வரும் தடித்த கறுப்புக் கேபிளைத் தேடுங்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒன்று பாடிக்குப் போகும், இன்னொன்று எஞ்சின் பக்கம் போகும். பாடிக்குப் போவது நன்றாக இருக்கிறது என்று உங்கள் 0.05 சொல்கிறது. எஞ்சின் பக்கம் போவதுதான் குற்றவாளி.

இன்னொரு கேள்வி. எஞ்சின் பளபளவென்று இருக்கிறதா?

பழையவியோஸ்

புதிது மாதிரி இருக்கிறது அண்ணே, பிளாக் முழுக்க வெள்ளிப் பெயின்ட். ரீகண்டிஷன் பண்ணியது என்றார்கள்.

காக்கிபுக்கிட்_வயர்மேன்

ஹா! பெயின்ட் அடித்ததற்குப் பெயர் ரீகண்டிஷன்.

போய் அந்த போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். நான் கண்ணால் பார்க்காமலேயே சொல்கிறேன், கேபிள் நுனியில் உள்ள வளையமான லக்குக்குக் கீழே வெள்ளிப் பெயின்ட் இருக்கும்.

ஈகே_காதலன்

வயர்மேன் அண்ணன் ஜோசியம் பார்க்கத் தொடங்கிவிட்டார், லா. நாங்கள் பாப்கார்னோடு காத்திருக்கிறோம்.

பழையவியோஸ்

அண்ணே, உங்கள் காலைக் கொடுங்கள்.

வேறு ஒரு ஒர்க்‌ஷாப், சின் மிங் பக்கம், அங்கே உள்ளவரிடம் இந்த இழையையே காட்டினேன். கேபிளை ஒரு பிராக்கெட்டில் மாட்டியிருந்தார்கள், பிராக்கெட் முன்னும் பின்னும் பெயின்ட், அது உட்காரும் கியர் பாக்ஸ் முகமும் பெயின்ட். போல்ட்டின் மரை வழியாக மட்டும்தான் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. லக்கும் பச்சை பூத்துப் போயிருந்தது. கியர் கேபிளின் உறை ஓரிடத்தில் பழுப்பாக மாறியிருக்கிறது, உருகவில்லை, ஆனால் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. ஒர்க்‌ஷாப்காரரே "நல்ல நேரம் வந்தீர்கள்" என்றார்.

பெயின்ட்டைச் சுரண்டி, லக்கை மாற்றி முறுக்கினார். இப்போது சுற்றும்போது எஞ்சினுக்கு 0.15. பேட்டரியில் எல்லாம் போட்ட பிறகு 14.0. சூட்டில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட். பேட்டரி விளக்கு சுத்தமாக அணைந்துவிட்டது. ஆல்டர்னேட்டருக்கு ஒன்றுமில்லை.

ஆனால் ஆர்பிஎம் இன்னும் ஆடுகிறது. பி0171-ஐ அழித்தேன், சில நாளில் திரும்பி வந்துவிட்டது.

காக்கிபுக்கிட்_வயர்மேன்

நான் முதலிலேயே சொன்னேன், இரண்டாவது கூட்டம். மின்சாரம் முடிந்தது, இது காற்று.

உங்கள் ஸ்கேனரில் ஃப்யூவல் ட்ரிம் என்று இரண்டு எண் வரும், ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம்; இசியு பெட்ரோலை எத்தனை விழுக்காடு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது. எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) இரண்டையும் குறியுங்கள், அப்புறம் 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்துக்கொண்டு குறியுங்கள். கார்பார்க்கில் வேண்டாம், படம் பிடிப்பவர் காத்திருப்பார்.

பழையவியோஸ்

ஒர்க்‌ஷாப்பிலேயே எடுத்தேன். ஐடிலில் லாங் டேர்ம் +18, ஷார்ட் டேர்ம் +5 பக்கம் ஆடுகிறது. 2500-இல் லாங் டேர்ம் +4, ஷார்ட் டேர்ம் சுழியம் பக்கம்.

முதல் ஒர்க்‌ஷாப்பில் சொன்ன மாதிரி ஆக்சிஜன் சென்சார் மாற்றினால் போதுமா?

ஊபி_செல்வி

மாற்ற வேண்டாம். அந்தச் சென்சார் உங்களுக்கு உண்மையைச் சொல்கிறது, அதைப் போய் அடிக்காதீர்கள்.

பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். இசியு அதைச் சரிக்கட்டப் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி 18 விழுக்காடு வரை போயிருக்கிறது. உங்கள் வண்டியில் காற்றை அளப்பது ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கும் எம்ஏஎஃப் சென்சார். அதைத் தாண்டி எங்கேயாவது ஓட்டை இருந்தால் அளக்கப்படாத காற்று உள்ளே போகும். ஐடிலில் எஞ்சின் கொஞ்சம் காற்றுதான் இழுக்கிறது, மேனிஃபோல்டில் வெற்றிடமும் பலமாக இருக்கிறது, அதனால் ஓட்டை வழியாக வரும் திருட்டுக் காற்று பெரிய பங்காகத் தெரியும். ஆர்பிஎம் கூடினால் மொத்தக் காற்று கூடும், திருட்டுக் காற்றின் பங்கு சுருங்கிவிடும். உங்கள் எண்ணில் அதுதான் தெரிகிறது, 18 போய் 4 ஆகிவிட்டது.

இதுவே தலைகீழாக இருந்தால், ஐடிலில் சரியாக இருந்து சுமை கூடக் கூட ட்ரிம் ஏறினால், பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அழுக்கான எம்ஏஎஃப் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும்.

ஈகே_காதலன்

பிரேக் பூஸ்டர் குழாய், பிசிவி குழாய் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு இழுப்பது) இரண்டையும் முதலில் பாருங்கள். ஐடிலில் பிசிவி குழாயை விரலால் அமுக்கினால் ஆர்பிஎம் மாறுகிறதா பாருங்கள். பழைய குழாயை இழுத்து மாட்டும்போது ரப்பர் கிழியும், அடிப்பக்கம் கிழிந்திருந்தால் மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.

ராத்திரி_ட்ரைவர்

கார்ப் க்ளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்க்கலாமே, ஓட்டை உள்ள இடத்தில் அடித்தால் ஆர்பிஎம் ஏறும்.

காக்கிபுக்கிட்_வயர்மேன்

இதை நீங்கள் சரியாகச் சொல்கிறீர்கள் ராத்திரி, பழைய காலத்து வழி, வேலை செய்யும். ஆனால் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் தீப்பிடிக்கும் சாமானை அடிப்பது நம் வியோஸ்காரர் செய்ய வேண்டிய வேலை இல்லை. புகை மெஷின் உள்ள ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள். இன்டேக்கில் புகையை ஏற்றுவார்கள், எங்கே கசிகிறதோ அங்கே புகை வெளியே வரும்.

என் பந்தயம் மேனிஃபோல்டு கேஸ்கெட். பழைய மேனிஃபோல்டைக் கழற்றிப் புது எஞ்சினில் மாட்டினார்கள் என்று நீங்கள்தான் முதல் பதிவில் எழுதினீர்கள். கேஸ்கெட் புதிது போட்டார்களா? பில்லில் இருக்கிறதா?

பழையவியோஸ்

பில்லில் "எஞ்சின் ஓவர்ஹால் கிட்" என்று ஒரே வரி. அதற்குள் என்ன இருந்தது என்று எழுதவில்லை.

மோட்டார்_மாமா_யீஷூன்

ஒரே வரிப் பில் என்றால் ஒன்றும் போடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை எஞ்சின் வேலைக்குக் கொடுக்கும் எல்லாருக்கும் சொல்கிறேன்: கேஸ்கெட், சீல், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், பெல்ட், எர்த் கேபிள், ஒவ்வொன்றும் தனி வரியாக வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே கேளுங்கள். முழுப்பணமும் கொடுத்த பிறகு கேட்டால் அவர் முகம் வேறு மாதிரி இருக்கும். எஞ்சின் வெளியே இருக்கும்போது பின்பக்க கிராங்க் ஆயில் சீலை மாற்றுவது சின்னச் செலவு. உள்ளே போன பிறகு அதே சீலுக்குக் கியர் பாக்ஸை இறக்க வேண்டும்.

பழையவியோஸ்

புகை போட்டார்கள். மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் இடத்தில், நான்காவது சிலிண்டர் பக்கம், சுருட்டுப் பிடிக்கிற மாதிரி புகை வந்தது. கழற்றினால் ரப்பர் கேஸ்கெட் தட்டையாகி, கல் மாதிரி இறுகிப் போய், ஓரத்தில் வெடிப்பு. பழையதுதான், சந்தேகமே இல்லை. புதிது போட்டு, மேனிஃபோல்டு போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினார். த்ராட்டிலையும் சுத்தம் செய்தார்.

வெளியே வந்ததும் ஐடில் கொஞ்சம் உயரமாக, 1100 பக்கம் நிற்கிறது. இது என்ன புதுத் தலைவலி?

ஊபி_செல்வி

தலைவலி இல்லை. அழுக்குத் த்ராட்டிலுக்கும் ஓட்டை மேனிஃபோல்டுக்கும் இசியு தன்னைப் பழக்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே நாளில் எடுத்துவிட்டீர்கள். ஏர்கான் போட்டும் அணைத்தும், நின்றும் ஓடியும் கொஞ்ச நாள் சாதாரணமாக ஓட்டுங்கள், கற்றுக்கொள்ளும். லாங் டேர்ம் ட்ரிம் மெதுவாக இறங்குவதைப் பார்ப்பீர்கள். ஐடில் இறங்கவே இல்லையென்றால் எழுதுங்கள்.

பழையவியோஸ்

இறங்கிவிட்டது அக்கா. வேலைக்குப் பிஐஇ விரைவுச்சாலையில் போய் வந்தேன், ஏர்கானோடு 700 பக்கம் அசையாமல் நிற்கிறது. லாங் டேர்ம் +3. செக் எஞ்சின் எரியவில்லை.

பழைய ஒர்க்‌ஷாப்பில் அளவுகளையும் படங்களையும் காட்டினேன். ஆல்டர்னேட்டருக்கு எழுதிக் கொடுத்த மதிப்பீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, பேட்டரிக் காசில் பாதி தருகிறேன் என்றார். கேஸ்கெட் பற்றிக் கேட்டதும் போனில் ஒரு அழைப்பு வந்துவிட்டது அவருக்கு.

ஈகே_காதலன்

பாதி வந்ததே பெரிய விஷயம். வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு உபரித் தகவல், ஹோண்டா வைத்திருப்பவர்களுக்கு: தொண்ணூறுகளின் சிவிக்கில் சூட்டில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எர்த்துக்கு அடுத்து மெயின் ரிலே. உள்ளே ஈயப் பற்று விரிசல் விடும், வெயிலில் நின்ற வண்டியில் விரிசல் பிரிந்துவிடும். சாவியை ஆன் செய்ததும் பின்னால் பெட்ரோல் பம்ப் இரண்டு வினாடி முனகும், அந்த முனகல் கேட்கவில்லை என்றால் அதுதான். ஈயத்தை உருக்கி மறுபடி வைத்தால் சரியாகிவிடும்.

ராத்திரி_ட்ரைவர்

வயர்மேன் அண்ணே, என் வண்டியிலும் அளந்து பார்த்தேன், எஞ்சினுக்கு 0.6 காட்டுகிறது. கிரவுண்டிங் கிட் போட்ட வண்டி! சிரிக்காதீர்கள். கேபிள் புதிதாகப் போட வேண்டும் என்றால் என்ன தடிமன் கேட்பது?

காக்கிபுக்கிட்_வயர்மேன்

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் கேளுங்கள், 16-க்குக் கீழே போக வேண்டாம். இரண்டு முனையிலும் 8 மில்லிமீட்டர் ஓட்டை உள்ள லக், ஹைட்ராலிக் க்ரிம்ப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள், சுத்தியலால் தட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். எஞ்சின் ஆடும், அதனால் கொஞ்சம் தொய்வு விடுங்கள். உட்காரும் இடத்தை இரும்பு மினுங்கும் வரை சுரண்டி, முறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு அது இல்லாமல் மறுபடி பச்சை பூத்துவிடும். போட்டதும் அதே 0.6 இடத்தில் அளந்து எண்ணை இங்கே எழுதுங்கள். அந்த நீலச் சிவப்பு வயர்களைக் கழற்றினாலும் சரி, அழகுக்கு வைத்திருந்தாலும் சரி.